வாடாத காய்க்கு வழி தேடிய மூன்று மாதம்

காய்கறி வியாபாரத்தில் சரக்குக்கு உயிர் உண்டு. அந்த உயிர் நம்மைவிட அவசரமானது என்பதுதான் தொல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் என் இனம்தான். மலிவாகக் கிடைத்தது என்று ரெண்டு கிலோ அவரைக்காயை வாங்கிவந்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் போட்டு மறந்து, எட்டாம் நாள் கொழகொழவென்று கையில் எடுத்து, வீட்டில் யாரும் பார்க்காதபடி குப்பைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். நீங்கள் ரெண்டு கிலோவுக்குச் செய்ததை நான் ஒரு லோடு ஆட்டோ நிறைய, ஒன்பது வருஷமாகச் செய்தேன்.

ராத்திரி பாளையம்பட்டியில் வண்டியை எடுத்தால், மதுரை மொத்தச் சந்தையில் சரக்கு ஏற்றி, விடிகிற நேரம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் மைக் வைத்துக் கூவிக்கொண்டிருப்பேன். மதியம் வீடு. விற்காமல் திரும்பியதில் நல்லது கெட்டது பிரிப்பது என் மனைவி முத்துமாரி. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலில் அழுகின முட்டைக்கோஸ் வாடை போகாது. சோறு பிசையும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்தத் தை மாதம் ஒரு நாள் மூன்று பெட்டி அழுகலைக் கொட்டிவிட்டு வந்தவள் எனக்குக் கெடு வைத்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் தம்பி எனக்கு வாட்ச்மேன் வேலை சொல்லிவைத்திருந்தான். சித்திரை பிறப்பதற்குள் கழிவும் நிற்கவேண்டும், வீடும் ஓடவேண்டும். ரெண்டில் ஒன்று நடக்கவில்லையென்றாலும் வண்டியை விற்றுவிட்டுக் கிளம்பவேண்டும். ராத்திரி கண்விழிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஐம்பதைத் தொடும் வயதில் இந்த ரோட்டை விட்டுப் போக மனசு ஒப்பவில்லை. ஒரு பெட்டி காய்கூட வீணாக விடமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"வாயால சொன்னாப் பத்தாது. தெனம் பெட்டிய எண்ணிக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள்.

கத்தரிக்காய்க்குக் குளியல்

நான் எட்டாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் நூலகத்திலும், பொட்டலம் மடித்து வந்த தாளிலும். அப்படி ஒரு தாளில் ஒரு யோசனை இருந்தது. செங்கலில் ஒரு தொட்டி கட்டி, அதைச் சுற்றி ஒரு சாண் விட்டு இன்னொரு சுவர் எழுப்பி, ரெண்டுக்கும் நடுவில் மணலைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிவந்தால் உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம். கரண்டு வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ரெண்டே நாளில் கட்டினேன். பொய் இல்லை, கத்தரிக்காய் நாலாம் நாளும் பளபளவென்று கிடந்தது. முத்துமாரிகூட அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் திருப்பூர்ப் பேச்சு வரவில்லை.

தாளில் எழுதினவருக்கு எங்கள் ஊர்க் குழாயைத் தெரியாது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரில் தினம் எட்டுக் குடத்தை மணலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் பக்கத்து வீட்டு சுப்புத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். குடத்தை வைத்துவிட்டு நின்றேன். அன்று சாயங்காலமே தொட்டியைப் பிரித்துவிட்டேன். அவள் சண்டைக்கெல்லாம் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"ஏண்ணே, நாங்க மூணு நாளாக் குளிக்காமக் கெடக்கோம், ஒங்க வீட்டுக் கத்தரிக்கா தெனம் ரெண்டு வேளை குளிக்குதாக்கும்?"

மலிவு

மாசியில் தக்காளி விலை விழுந்தது. சந்தையில் ஒரு பெட்டி விலைக்கு நாலு பெட்டி என்று அள்ளிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் இது நடந்திருக்கும்: விலை குறைந்ததும் வீட்டில் எத்தனை வாய் இருக்கிறது என்பது மறந்துபோகும். எனக்கு மறந்தது. இருபது பெட்டி ஏற்றினேன். காம்பு கீழே பார்க்க அடுக்கினால் ரெண்டு நாள் கூட நிற்கும் என்று தெரிந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, நடுவே வைக்கோல் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போகிற மாதிரி வண்டியை ஓட்டினேன்.

நான் மலிவாக வாங்கிய அன்றைக்கு எல்லாரும் மலிவாகத்தான் வாங்கியிருந்தார்கள். எனக்கு முன்னாலேயே மூன்று வண்டி போயிருந்தது. நாலாவது ஊரில், தினமும் வாங்குகிற ஒரு அம்மாவிடம், "ரெண்டு கிலோ காசுக்கு நாலு கிலோ எடுத்துக்கங்க" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் அரைக் கிலோதான் எடுத்தார். அன்று மட்டும் பதினோரு பெட்டி கொட்டினோம். முத்துமாரி எண்ணினாள், சத்தமாக. எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது அந்த அம்மா சொன்னதுதான்:

"வெல கொறஞ்சுச்சுங்கிறதுக்காக வயிறு பெருசாகுமாய்யா?"

பிறை

நோன்பு மாதம் வந்தது. பழத்தில் கொஞ்சம் பிழைக்கலாம் என்று பார்த்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிற காசிம் என் சிநேகிதர். சவுதியில் பன்னிரண்டு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். நான் பப்பாளி கொண்டுவந்து கொடுத்தால், நோன்பு திறக்கிற நேரத்தில் நறுக்கி விற்பார். "பழுத்த பழத்தக் காயிருக்கிற ரூம்புல மட்டும் போட்ராதீகண்ணே, காயி வெளுத்துப்போகும்" என்று நாலு தடவை சொல்லியிருக்கிறார். மனதில் குறித்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நோன்பு ராத்திரி சந்தையில் பப்பாளி சல்லிசு. இருபத்தொன்பதாம் நோன்புக்கும் முப்பதாம் நோன்புக்கும் சேர்த்து வாங்கினேன். மறுநாள் சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றி எல்லாரும் மேற்கே பார்த்து நின்றார்கள். நானும் நின்றேன். வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. மெல்லிசாக, நகம் வெட்டிப்போட்ட மாதிரி, பிறை தெரிந்தது. முப்பதாம் நோன்பு இல்லை, மறுநாளே பெருநாள். பெருநாளைக்குப் பப்பாளியை யார் தேடுகிறார்கள்? மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அசதியில் பீன்ஸ் கிடந்த அறையிலேயே போட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் பீன்ஸும் மஞ்சளாகக் கிடந்தது. பிறை தெரிந்ததும் எல்லாரையும் கட்டித் தழுவிய காசிம், என்னையும் தழுவிவிட்டுக் காதோரம் சொன்னது:

"ஊரே பிறை தெரியணும்னு பாத்துச்சு. நீங்க ஒரு ஆளுதாண்ணே மேகம் வந்து மறைக்கணும்னு பாத்தீக. ஒங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு."

காப்பு

பங்குனிப் பொங்கல்தான் என் கடைசி நம்பிக்கை. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு எந்த வீட்டிலும் கறி மீன் கிடையாது. அப்படியானால் காய்தானே திங்கவேண்டும்? நோட்டில் கணக்குப் போட்டேன். இத்தனை வீடு, இத்தனை வேளை, வீட்டுக்கு இவ்வளவு வெண்டைக்காய், இவ்வளவு பாகற்காய், இவ்வளவு உருளைக்கிழங்கு. நான் போகிற நாலைந்து ஊர்களுக்கு ஒரே நாளில் காப்பு. அன்றைக்கு வண்டி தாங்குகிற மட்டும் ஏற்றினேன். கறிவேப்பிலை மட்டும் ஒரு சாக்கு. ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் மைக்கில் என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

முதல் ஊரில் பூசணிக்காயும் முருங்கைக்காயும் கேட்டார்கள். அவை என்னிடம் கொஞ்சம்தான் இருந்தன. பத்து நிமிஷத்தில் போய்விட்டன. பாகற்காயை ஒருத்தரும் தொடவில்லை. ரெண்டாவது ஊரிலும் அப்படியே. வறுத்துச் சாப்பிட நன்றாக இருக்கும் என்று வேறு மைக்கில் கூவினேன். அப்போதுதான் வேப்பிலையும் குடமுமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் புத்தி வந்தது. காப்புக் கட்டினால் எங்கள் பக்கத்து ஊர்களில் தாளிக்க மாட்டார்கள், வறுக்க மாட்டார்கள். அம்மன் இறங்கியிருக்கிற ஊரில் கடுகு வெடிக்கக் கூடாது. கொதிக்கவைத்து இறக்கினதைத்தான் சாப்பிடுவது. இதைத் தெரியாதவனா நான்? என் அம்மா வீட்டில் அந்த எட்டு நாளும் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தே வைத்திருப்பார்கள். நோட்டில் கணக்குப் போட்ட கையோடு அதை மறந்திருக்கிறேன்.

முத்துமாரியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சரக்கு வாங்கப் போகுமுன் அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அதுவும் நிஜம்தான். ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது என்னைத் தின்றது கழிவு அல்ல. இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்றுதானே ரெண்டு மாதமாக மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடத்து அம்மா கேட்டார்:

"ஆத்தா ஊருக்குள்ள வந்து உக்காந்திருக்கா, எண்ணெய்ச் சட்டிய அடுப்புல ஏத்தச் சொல்றியே. நீ எந்த ஊருக்காரன்ப்பா?"

வத்தல்

விற்காமல் திரும்பி வந்த சரக்கைக் கொட்ட மனசில்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து பாகற்காயையும் வெண்டைக்காயையும் வட்டம் வட்டமாக நறுக்கினோம். நறுக்கியது ஒரு பகல் முழுக்க. உப்பும் மோரும் போட்டு ஊறவைத்து மாடியில் காயப்போட்டோம். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. மூன்றாம் நாள் கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் கேட்டது. ஒரு துண்டுகூடக் கெடவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், வீட்டில் காய் மிஞ்சினால் இதுதான் வழி. இதற்கு மேல் வழி இல்லை. அழுகல் பெட்டி அந்த வாரம் காலி. முத்துமாரி எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பொங்கல் முடிந்ததும் பாக்கெட் போட்டு எடுத்துப்போனேன். மழையை நம்பி விதைக்கிற ஊர்கள் இவை. காய் கிடைக்கிற காலத்தில் வத்தல் போட்டுவைக்காத வீடு இங்கே ஏது? நாலு ஊர் சுற்றி ரெண்டு பாக்கெட் விற்றது. அதில் ஒன்றை வாங்கினவர் வெளியூரிலிருந்து வந்திருந்த டீச்சர். கடைசித் தெருவில் ஒரு பெரியம்மா என் பாக்கெட்டைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்க" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குள் போனவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். வாங்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு இரக்கம் அந்த முகத்தில்.

"எங்க வீட்டுல மூணு சம்படம் நெறைய வத்தல் கெடக்குய்யா. இந்தா, இதையும் சேத்துக் கொண்டுபோய் வித்துக்க."

கணக்காக வாங்குதல்

சித்திரைக்குப் பதினாலு நாள் இருந்தது. கடைசியாக ஒரு முறை. வீட்டுக்கு வீடு போன் நம்பர் வாங்கி, நாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு எழுதிக்கொண்டேன். கேட்டதை மட்டும் வாங்கினேன். கால் கிலோ கேட்டால் கால் கிலோ. மல்லித்தழையைக் கழுவாமல், ஈரம் துடைத்து, தாளில் சுற்றி எடுத்துவந்தேன். வெங்காயம் ஒரு மூலை, உருளைக்கிழங்கு எதிர் மூலை. முதல் நாள் கழிவு இல்லை. ரெண்டாம் நாளும் இல்லை. பத்து நாள் தொடர்ந்து அழுகல் பெட்டி துடைத்துவைத்த மாதிரி கிடந்தது.

ஆனால் பேர் எழுதின வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. முப்பது இருபதானது, இருபது பதினொன்றானது. கணக்காகக் கட்டிவைத்த பையை நீட்டினால் முகம் சுண்டிப்போகிறது. நாலு பேரோடு வண்டியைச் சுற்றி நின்று, கத்தரிக்காயை அமுக்கி, வெண்டைக்காயின் நுனியை ஒடித்து, முற்றல் என்று என்னை வைது, அதன் பிறகு வாங்குவதுதான் அவர்களுக்கு வாங்குவது. ஒடித்துப் போட்ட நுனிகளைப் பொறுக்கித்தான் நான் ஒன்பது வருஷமாக எரிச்சல்பட்டேன். ஒரு பொண்ணு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காய் வாங்கத் திருச்சுழி பஸ்ஸுக்கு நின்றாள். "ஒடிச்சுப் பாக்காம வாங்குறதுக்கு ஒன் வண்டி எதுக்குண்ணே?" என்றாள்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின மதியம், எழுநூறு கிலோ ஏற்றுகிற வண்டியில் முப்பது கிலோ கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தேன். டீசலுக்குப் போக மிஞ்சியதில் அரைப் படி எண்ணெய் வாங்கலாம். முத்துமாரி வெளியே வந்து காலிப் பெட்டிகளைப் பார்த்தாள். நான் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று காட்ட, அழுகல் பெட்டியை அவள் முன்னால் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு தூசி விழவில்லை. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து என் சட்டையில் ஒட்டியிருந்த மல்லித்தழையை எடுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு வந்து, வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"காயி ஒண்ணும் வீணாப் போகல, நான் பாத்துட்டேன். நாம ரெண்டு பேருந்தான் வீணாப் போய்க்கிட்டு இருக்கோம்."

அடுத்த வாரத்திலிருந்து ராத்திரி முழுக்க நான் காவல் காக்கப்போவது ஒரு இரும்புக் கேட்டை. விடிகிறவரை வைத்திருந்தாலும் அது அழுகாது என்பது மட்டும்தான் இப்போதைக்கு ஆறுதல்.