ஷாகிதாவின் ஷின் கார்டு

பி.டி. மாஸ்டர் என்றால் பந்து உதைக்கக் கற்றுக் கொடுப்பவர் என்று ஊர் நினைக்கிறது. பாதி நாள் நாங்கள் கற்றுக் கொடுப்பது சாக்ஸ் போட. விசில் ஊதிப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா! வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, மயிலாடுதுறைப் பக்கத்தில் என் பள்ளிப் பெண்களும் கால்பந்து ஆடக் கிளம்பிய காலம் அது.

அம்மாவின் நிபந்தனை

எங்கள் டீமிலேயே வேகமாக ஓடுகிறவள் எட்டாம் வகுப்பு ஷாகிதா. அவள் அத்தா ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஒருநாள் பயிற்சியில் யாரோ உதைத்து அவள் கால் புடைத்துவிட்டது. மறுநாள் அவள் அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் வைக்க ஷின் கார்டு என்று ஒன்று உண்டு, வைத்தால் அடி படாது என்று விளக்கினேன். நம் ஊர்க் கடைகளில் அப்போது கிரிக்கெட் சாமான்தான் கிடைக்கும். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவ அத்தாவை அனுப்பச் சொல்றேன் சார். ஆனா இன்னொரு தடவை கால் வீங்கிச்சுன்னா, அதோட இவ பந்தை மறந்துடணும்."

வளர்கிற பிள்ளை

லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்தது. பிரித்தால், ஆறடி ஆளுக்கான ஷின் கார்டு! கட்டிக்கொண்டால் ஷாகிதாவுக்கு முட்டி மடங்கவில்லை. ஓடச் சொன்னால் விறைப்பாக நடந்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழ்வரை நூல் வைத்து அளந்து, அந்த நூலையே கடிதத்தில் மடித்து அனுப்பினோம். யூனிஃபார்ம் தைக்கும்போது நாம் எல்லோரும் செய்வதைத்தான் முதல் தடவை அவள் அத்தாவும் செய்திருக்கிறார். வெள்ளிக்கிழமை போனில் எனக்கே விளக்கம் கொடுத்தார்: "வளர்ற புள்ள சார். ரெண்டு வருஷத்துக்காவது வரணுமேன்னு பார்த்தேன்."

சாக்ஸுக்கு மேலே

அளவானது வந்தது. மறுநாள் ஷாகிதா அதை சாக்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு, மைதானத்தை இரண்டு சுற்று சும்மா நடந்தாள். ஓடியதும் அது வழுக்கிக் கெண்டைக்கால் பக்கம் திரும்பிவிட்டது. "முதலில் கார்டு, அதுக்கு மேல சாக்ஸ்!" என்று கத்தினேன். முகம் தொங்கிப் போய்க் கேட்டாள்: "உள்ள போட்டா, அத்தா அனுப்புனதுன்னு யாருக்கு சார் தெரியும்?"

டொக்

மாவட்டப் போட்டிக்கு அத்தாவே லீவில் வந்திருந்தார். கோட்டுக்கு வெளியே அம்மாவோடு நின்றுகொண்டு, மகளின் காலையே உற்றுப் பார்த்தார். "என்ன சார், நான் அனுப்புனதைப் போடலையா?" சாக்ஸுக்குள் இருக்கிறது என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

இரண்டாம் பாதியில் எதிர் டீம் பெண் பந்துக்கு ஓங்கிய காலை ஷாகிதாவின் காலில் இறக்கினாள். டொக்! மைதானம் முழுக்கக் கேட்டது. ஷாகிதா விழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அம்மா "யா அல்லா" என்று கோட்டைத் தாண்டியே விட்டார். அதற்குள் அவள் எழுந்து, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தைத் தேடி ஓடினாள். மேட்சில் தோற்றோம். முடிந்ததும் அம்மா அங்கேயே உட்கார்ந்து அவள் சாக்ஸை உருட்டி, கார்டை எடுத்துவிட்டுத் தடவிப் பார்த்தார். வீக்கமில்லை. "அடுத்த மேட்ச் எப்ப சார்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தாவோ பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தச் சத்தம் கேட்டுச்சுல்ல? அது நான் ஷார்ஜாலேருந்து அனுப்புனதுங்க."

இத்தனை வருட சர்வீசில் நான் போதித்த மொத்த ஞானமும் 'அளவாக வாங்கு, உள்ளே போடு' என்பதுதான், அதற்கும் பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தினார்கள்.