பதினான்கு நாள் தண்ணீருக்குள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அந்த மார்கழி மாதத்துக் காலையில் நான் கத்தவில்லை. பி.சி.ஆர் இயந்திரத்தின் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொரோனாவில் ஊருக்கெல்லாம் பழகிய அதே பி.சி.ஆர்தான். நான் அதில் தேடுவது நெல்லின் செல்களுக்குள் நடப்பதை.

பயிர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால் செல்களுக்குக் காற்று போதாது. உடனே அவை செத்துவிடுவதில்லை. வளர்வதை நிறுத்திக்கொண்டு, இருக்கிற சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவழித்து, காற்றில்லாமலே ஓட்டப் பார்க்கும். அதற்கென்று சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்து திடீரென்று காற்று பட்டால் அது இன்னொரு அதிர்ச்சி. அதற்கு வேறு மரபணுக்கள். இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கிற ஒரு நெல் ரகம் எங்களிடம் இருந்தது. அந்தப் பதினான்கு நாளும் அதன் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் தம்பி குத்தகைக்குச் சாகுபடி செய்யும் வயலில், தாழ்வான ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, தொடை உயரத்துக்கு வரப்புப் போட்டு, போர் தண்ணீரை நிரப்பி நாற்றை மூழ்கடித்திருந்தேன். வடிப்பதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்கு மூடி.

திரையில் இருந்தது நேர்மாறு. காற்றில்லாதபோது ஏற வேண்டிய கோடு தரையில் கிடந்தது. காற்று பட்டால் ஏறுகிற கோடு உச்சியில் நின்றது. மூன்று முறை திரும்பச் செய்தேன். ரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், இலையை உறையவைக்கும் திரவ நைட்ரஜனைச் சந்தேகப்பட்டேன், என் கையையே சந்தேகப்பட்டேன். நான்காவது முறையும் அதே படம் வந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பயிர் தினமும் காற்று வாங்கியிருக்கிறது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன். தம்பி வரப்பில் யூரியா வாளியோடு நின்றான்.

"குழாய் மூடியை யாருடா திறந்தது?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உன் பயிரே காட்டிக் கொடுத்துடுச்சு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாயங்காலம் மூடியைக் கழற்றி ஒரு சாண் தண்ணீரை வடியவிடுவானாம். இலை நுனி வெளியே தெரிந்ததும் மூடிவிடுவானாம். காலையில் நான் இலை நறுக்க வருவதற்குள் மோட்டாரைப் போட்டுப் பழையபடி நிரப்பிவிடுவானாம்.

"நுனி மட்டும் மூச்சு விடட்டுமேன்னு பாத்தேன். உனக்குத்தான் தண்ணி அளவு சரியா இருந்துச்சே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த யூரியா வாளியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

அவனை என்ன சொல்வது? எங்கள் அப்பா காலம்வரை நாங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மழை விட்டதும் டீகூடக் குடிக்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலை வெட்டிவிடப் போவோம். வயல் யாருடையது என்று கேட்பதில்லை. பயிர் மூழ்கிக் கிடந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. இதெல்லாம் தெரிந்த நான்தான் அவனிடம், "தண்ணி குறையாமப் பாத்துக்க" என்று போனில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தப்பில் பாதி என்னுடையது என்று அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

மார்ச் முடிவோடு என் ஆராய்ச்சித் திட்டம் முடிகிறது. அதற்குள் சரியான முடிவைக் காட்டாவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போ. துறைத் தலைவர் ஆறுதலாகத்தான் பேசினார்.

"தண்ணி விட்டு விட்டு நின்னுச்சுன்னு எழுதிடுங்க மேடம். அப்படி ஒரு சோதனைதான் செஞ்சோம்னு வச்சுக்கலாம். யாரு கேக்கப்போறாங்க?"

"எந்த நாள் சரியா எவ்வளவு வடிச்சான்னு அவனுக்கே தெரியாது சார். எழுத மாட்டேன். திரும்பச் செய்றேன்."

"நாள் இருக்கா?"

எண்ணிப் பார்த்தால் இருந்தது, மயிரிழையில். கையில் மிச்சமிருந்த ஒரு கைப்பிடி விதைநெல்லை அன்றே ஊறவைத்தேன். நாற்று எழும்பி, நட்டு, வேர் பிடித்து, மாசி பிறந்ததும் மூழ்கடித்தோம். இந்த முறை தம்பியை உட்காரவைத்து, பயிருக்கு மூச்சு முட்ட முட்டத் திரையில் கோடு ஏறும் என்பதுவரை எல்லாம் சொன்னேன்.

"பயிருக்கும் டென்ஷன் வருமாக்கா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் இந்தப் பக்கமே வரல. பாத்தா என் கை சும்மா இருக்காது. நீயே இருந்துக்க" என்றான்.

விடுப்புப் போட்டுவிட்டு அவன் வீட்டிலேயே தங்கினேன். மூன்று நாளுக்கொரு முறை தண்ணீருக்குள் கையை விட்டு இலையை நறுக்குவேன். உடனே புகை கக்கும் நைட்ரஜன் கேனில் போடுவேன். முதல் வாரம் சுலபமாகப் போனது. ஒன்பதாம் நாள் வானம் மூடிக்கொண்டது. தண்ணீர் கலங்கி, உள்ளே ஒரு பச்சைகூடத் தெரியவில்லை. நாலாபுறமும் அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடக்க, நடுவில் நான் மூழ்கடித்த மூலை மட்டும். குனிந்து பார்த்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. என் கை குழாய் மூடியில் இருந்தது. அரைத் திருகு திருகியும் விட்டிருந்தேன்.

மூடியை இறுக்கிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"உடனே வாடா. வந்து எனக்குக் காவல் இரு."

வந்தான். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் போகவில்லை. குழாய்க்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்துகொண்டான். மீதி ஐந்து நாளும் ஒருவரையொருவர் காவல் காத்தோம். பதினான்காம் நாள் கடைசி இலையை நறுக்கி முடித்ததும், "இப்ப தொறக்கலாமா?" என்று கேட்டான். தலையாட்டினேன். அவன் மூடியைக் கழற்றிய வேகத்தில் அது வாய்க்காலில் போய் விழுந்தது. வெளுத்துச் சேற்றில் சாய்ந்திருந்த பயிரைப் பார்க்காமல் நைட்ரஜன் கேனோடு தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் திரையில் கோடு ஏறியது. காற்றில்லாத செல் காட்ட வேண்டிய கோடு, நாளுக்கு நாள் மேலே, பதினான்காம் நாள் உச்சியில். மற்றது தரையோடு தரையாக. அதைப் படம் பிடித்து, "ஜெயிச்சாச்சு. உயரத்தைப் பாரு!" என்று தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

படத்தை அவன் வெகுநேரம் பார்த்திருக்க வேண்டும். பதில் மெதுவாகத்தான் வந்தது.

"இவ்ளோ கஷ்டப்பட்டிருக்காக்கா அது?"

ஆமாண்டா என்று எழுதினேன். அடுத்த நிமிடமே இன்னொரு படம் அனுப்பினான். நான் பார்க்காமல் வந்த மூலை. சேற்றுக்கு நடுவே, சாய்ந்த தூர்களில் விரல் நீளத்துக்குப் புதுக் குருத்து.