எங்கள் வீட்டுக்கு வந்த எக்ஸர்ட்

அந்த வார்த்தை எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, என் வயதுகூட இருக்காத ஒரு டாக்டர், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே சொன்னார்: “ஹீ ஷுட் நாட் எக்ஸர்ட் ஹிம்செல்ஃப்.” எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் தலையை ஆட்டினேன். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன் நான். என் இங்கிலீஷெல்லாம் செம்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆபீஸ் மெயில்களில் பொறுக்கியது. அந்த மெயில்களில் ‘கைண்ட்லி’ உண்டு, ‘அர்ஜென்ட்’ உண்டு, எக்ஸர்ட் கிடையாது.

வாசலில் வடாபாவ் கடை ஓரமாக நின்று போனில் போட்டுப் பார்த்தேன். ‘முயற்சி செய், செலுத்து, பிரயோகி’ என்று வந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மனுஷன் முயற்சியே செய்யக்கூடாதா? திரும்ப உள்ளே போய் வார்டு ஆயா மௌசியைப் பிடித்தேன். அந்த அம்மாள் கையிலிருந்த வாளியைத் தூக்குவது மாதிரி பாவனை செய்து, நாக்கைத் தள்ளி, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக் காட்டி, “ஐசா தம் லக்னேகா காம் நஹி கர்னேகா” என்றாள். எந்த டிக்‌ஷனரியும் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்காது.

அப்பாவுக்கு இட்லி வியாபாரம். அம்மா அவித்துக் கொடுப்பாள். பெரிய அலுமினியச் சட்டியைத் தலையில் வைத்து, ஒரு கையில் சட்னித் தூக்குவாளி, இன்னொரு கையில் ரப்பர் ஹாரன். தாராவியில் கிளம்பினால் மாட்டுங்கா தெருக்களெல்லாம் பாம் பாம் என்று அடித்துக்கொண்டே போய்விட்டு வருவார். அப்படி ஒருநாள் ரயில்வே பாலத்துப் படியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்டாள், “எய்யா, டாக்டரு என்ன சொன்னாவ?”

“மூச்சு வாங்குத மாதிரி எதுவும் செய்யக் கூடாதாம்மா. எக்ஸர்ட் ஆவக் கூடாதாம்.”

“தண்ணி தூக்கலாமா?”

“கூடாது.”

“சட்டி?”

“கூடவே கூடாது.”

“மேல ஏணி ஏறி அரிசி மூட எறக்குறது?”

“அம்மா, ஒண்ணும் கூடாதும்மா.”

“சரி, அப்பம் நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, அப்பா கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள். நான் கூடாது கூடாது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் போய் அம்மா தலையில் உட்கார்ந்தது. அன்றைக்கு அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

எக்ஸர்ட் எங்கள் சந்துக்குள் சீக்கிரமே பிரபலமாகிவிட்டது. அப்பா டிவி ரிமோட்டை எட்டி எடுக்கச் சோம்பல்பட்டால், “எக்ஸர்ட் ஆவக் கூடாதுல்லா” என்பார். எதிர்வீட்டு மதினி, “என்ன மாமா, இன்னிக்கும் எக்ஸர்ட்டு லீவா? புதுமாப்பிள்ள கெட்டான் போங்க” என்று வாரிவிட்டுப் போவாள். அப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். நாற்பது வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்த மனுஷன், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதென்றால் லேசா? அவர் சும்மா எழுந்து நின்றால்கூட அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள், “இருங்க, நான் வாரேன்!”

சட்டியைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போக அம்மாவால் முடியவில்லை. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் பக்கம் கொண்டுபோய் இறக்கி வைத்து விற்றாள். விற்று முடிந்து, காலிச் சட்டியோடு அவள் திரும்பி வரும்போது குழாயில் தண்ணீர் வரும் நேரமாகிவிடும். எங்கள் சந்துக்குப் பகலில்தான் தண்ணீர். நான் செம்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் ஏசியில் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. சந்து முனையிலிருந்து இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாகக் குடம் சுமந்து வாசல் டிரம்மை நிரப்புவாள். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நின்றாக வேண்டிய சந்து. நடுவில் சாக்கடைக் கல் வேறு ஆடும்.

தண்ணீர் சுமப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் வேலை என்றே சொல்வதில்லை. “வேலையெல்லாம் முடிஞ்சுது, தண்ணி மட்டுந்தான் புடிக்கணும்” என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

சில நாள் நான் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்து இடது தோளை அமுக்கிக்கொண்டிருப்பாள். கேட்டால், “வாய்வுய்யா. உருளக்கெழங்கு சேரல” என்பாள். வாயில் ஓமத்தைப் போட்டு மென்றுகொண்டே, அப்பாவுக்கு மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக் கையில் கொடுப்பாள். அந்த மாத்திரை ஒருவேளைகூடத் தவறியதில்லை. எனக்கு இன்றைக்கும் உருளைக்கிழங்கைக் கண்டால் ஆத்திரம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். குடத்தைப் பிடுங்கப் போனால் விடமாட்டேன் என்றாள். “ஒரு நாளு நீ தூக்குவ. நாளைக்கு யாரு தூக்குவா? போ, தூங்கு.” கட்டிலிலிருந்து அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், “ஏட்டி, ரொம்ப எக்ஸர்ட் பண்ணாத.”

அம்மாவும் சிரித்தாள். “ஆமா, எனக்கு எந்த டாக்டரு சொன்னாரு?”

மூவருமே சிரித்தோம். நல்ல பகடி என்றுதான் தோன்றியது.

மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை, எதிர்வீட்டு மதினி போன் பண்ணினாள். “தம்பி, அம்ம விழுந்துட்டாவ. ஓடி வா.” குர்லாவில் வண்டி மாறும்போதே இன்னொரு போன் வந்துவிட்டது. டிரம்மில் கடைசிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். நாங்கள் ஒரு இதயத்துக்குப் பயந்து பயந்து காவல் இருந்தோம். நின்றது இன்னொன்று. இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூடினார்கள். எங்கள் வழக்கப்படி இறந்தவர்களைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பிள்ளையும் பங்காளிகளும் குடத்தோடு நீர்நிலைக்குப் போய், தலைக்கு மேலே வேட்டி பிடிக்க, தண்ணீர் எடுத்து வருவது. தாராவியில் ஆற்றுக்கு எங்கே போவது, சந்துமுனைக் குழாய்தான் தாமிரபரணி. குழாய் அதற்குள் நின்றுவிட்டிருந்தது.

பெரியப்பா யோசித்துவிட்டுச் சொன்னார், “டிரம்முல தண்ணி கெடக்குல்லா. அதக் கொடத்துல மோந்து குழாயடிக்குக் கொண்டுபோவோம். அங்கன வச்சுப் பூப்போட்டுக் கும்பிட்டு எடுத்துட்டு வருவோம்.”

அம்மா மத்தியானம் சுமந்து வந்த தண்ணீர் அது. அதை நாங்கள் திரும்பக் குழாயடிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக. அவளைக் குளிப்பாட்டவும் அவளேதான் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

குழாயடியில் குடத்தைத் தோளில் ஏற்றும்போது பார்க்கிறேன், அப்பா பின்னாலேயே வந்து நிற்கிறார். “எனக்கு ஒரு கொடம் தாங்க.”

“தாலி கெட்டுனவன் நீர்மால எடுக்குற வழக்கம் இல்லடே” என்றார் பெரியப்பா. மற்றவர்கள், “டாக்டர் சொல்லிருக்காருல்லா, எக்ஸர்ட் ஆயிரும்” என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

அப்பா என்னை மட்டும் பார்த்தார். நான் ஒரு குடத்தில் பாதியைக் கொட்டிவிட்டு அவர் தோளில் வைத்தேன்.

சந்துக்குள் நுழைந்தோம். தையல் பட்டறைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஆடுகிற கல்லில் அப்பாவுக்குக் கால் தடுமாறியது. சுவரில் கை ஊன்றிக்கொண்டார். பாதி வழியிலேயே மூச்சு இரைத்தது, அந்த மௌசி எனக்குக் காட்டிய அதே மூச்சு. வாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

அம்மாவின் காலடியில் குடத்தை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பாதிக் கொடத்துக்கே இப்பிடி மூச்சு வாங்குதேட்டி. நாஞ் சொன்னேன்லா ஒங்கிட்ட, எக்ஸர்ட் பண்ணாதன்னு. சிரிச்சிக்கிட்டுல்லா சொல்லிட்டேன்.”