பிச்சையம்மாள் கேட்ட ஆட்டம்

தோற்பதில் இலுப்பூர் ஆவுடையப்பனுக்கு நிகர் ஆவுடையப்பன்தான். சமஸ்தானக் காலத்தில் தாலுகா ஆபீஸ் எழுத்தராக இருந்தபோது தொடங்கியது. ஞாயிறு தவறாமல் செபமாலை வாத்தியாரோடு சதுரங்கம். பதினெட்டு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. வீடு திரும்பினால் மனைவி பிச்சையம்மாள், ஆறிப்போன சோற்றைப் போட்டபடி, "இன்னிக்காவது?" என்பாள். அவர் தட்டிலிருந்து தலை நிமிர மாட்டார்.

1962இல் பிச்சையம்மாளுக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த மாதம்தான் புதுக்கோட்டையில் முதியோர் சதுரங்கப் போட்டி. போகப்போவதில்லை என்றார் ஆவுடையப்பன்.

"போயிட்டு வாங்க. ஒருதரம் ஜெயிச்சேன்னு வந்து சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிர்றேன்," என்றாள் அவள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிளம்பினார்.

சீட்டுக் குலுக்கியதில் எதிரே வந்து உட்கார்ந்தது யார்? செபமாலையேதான். அன்றைக்கு என்னவோ வாத்தியார் மந்திரியைக் கோட்டைவிட்டார். மூன்று மணி நேரத்தில் அவரிடம் மிஞ்சியது ராஜா ஒன்றுதான். ஆவுடையப்பன் அவசரமாகத் தன் மந்திரியை நகர்த்தினார். மூலையில் நின்ற ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை.

இலுப்பூர் ஆட்டத்தில் இது ஒரு விஷயமே இல்லை. அடைத்தவரே காயைத் திரும்ப எடுத்து வழி விட வேண்டும், அவ்வளவுதான். ஆவுடையப்பனும் வழக்கம்போலக் கை நீட்டினார். நடுவர் தடுத்தார்.

"ஆட்டம் டிராங்க."

"நான் வழி விட்டுர்றேங்க."

"போட்டியில அப்படியெல்லாம் கிடையாதுங்க."

"நாந்தான் தோத்தேன், அப்படியே எழுதிக்கங்க," என்று செபமாலை மன்றாடியும் நடுவர் அசையவில்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில் இலுப்பூர் திரும்பினார்கள். வீட்டில், பாயருகே குனிந்து செபமாலைதான் முந்திக்கொண்டார். "தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரரு இன்னிக்கு என்னையத் தோக்கடிச்சுட்டாரு."

பிச்சையம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த ஞாயிறு, செபமாலை பலகையோடு வந்தார். ஆவுடையப்பன் அதைத் தொடவில்லை.

"வேணாங்க வாத்தியாரே. ஜெயிச்சேன்னு சொல்லித்தான் அவளை அனுப்பியிருக்கோம். இனி ஒங்ககிட்ட தோத்தா, அவளுக்குத் தெரிஞ்சுபோயிரும்."