மீசை எடுத்த ஞாயிறு

மாதேஸ்வரனுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளம் அதையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. லடாக்கில், விட்ட மூச்சே மீசையில் உறைந்து நிற்கிற முகாமில் உட்கார்ந்துகொண்டு, "இங்க நம்மூரு மார்கழி மாதிரிதான் இருக்குது" என்பான். டின்னில் அடைத்து வந்த பருப்பைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு, "இன்னிக்குக் கோழிக்கொழம்பு" என்பான்.

மனைவி எழிலரசிக்கும் ஒரு சட்டம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். தருமபுரி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது சொன்னான்.

"பனி மூடிடுச்சுன்னா நான் தலகீழா நின்னாலும் எறங்கி வர முடியாது. நல்லது மட்டும் சொல்லு. கெட்டது எதுவா இருந்தாலும் நான் வூட்டுக்கு வந்தப்புறம் பேசிக்கலாம்."

அதற்குக் காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் கூட இருந்த ஒருவனுக்குக் குழந்தை இறந்த சேதி வந்தது. வழி திறக்கவில்லை. அவன் இரும்புக் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டதை மாதேஸ்வரன்தான் பிடித்து நிறுத்தினான். எழிலரசி சரியென்று தலையாட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அதுவே வினையாகப் போயிற்று.

ஞாயிறு மதியம் டவர் கிடைக்கும். எழிலரசி வீடியோவில் வருவாள், அம்மா பெரியம்மாள் வருவாள். அப்பா கிருஷ்ணப்பன் போனை வாங்கியதும் வழக்கம்போலக் காதில் வைத்துக்கொள்வார். வீடியோ கால் என்பது எத்தனை சொன்னாலும் அவர் மண்டையில் ஏறவில்லை. ஆக, மாதேஸ்வரன் வாராவாரம் பார்த்தது அப்பாவின் காதைத்தான். மடல் நிறைய நரைமயிரும் உழுத மண்ணும் ஒட்டிய காது. "மூஞ்சியக் காட்டுப்பா" என்று இவன் கத்துவான். "நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது" என்பார் அவர். அந்தக் காதைப் பார்த்துவிட்டால் அவனுக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

பனி மூடிய பிறகு அவருக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவனுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. "வூட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம், நல்லா இருக்காரு" என்றாள் எழிலரசி. அதற்கப்புறம் காது வரவில்லை. ஒரு வாரம் சந்தைக்குப் போயிருந்தார், ஒரு வாரம் தூங்கினார். அம்மாவும் திரைக்கு வராமல் சமையல்கட்டிலிருந்தே "சாப்டியா சாமி?" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு ஞாயிறு எழிலரசி தக்காளியைப் பற்றிப் புலம்பினாள். "த்ரீ ஃபேஸ் கரண்டு இந்த வாரம் பூரா ராத்திரிலதாங்க வருது. பகல்ல மோட்டாரு ஓட மாட்டேங்குது. செடியெல்லாம் துவண்டு கெடக்குது."

"அப்பா எங்க?"

"மாமா இப்பத்தாங்க மோட்டார் போடப் போனாரு."

சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது. பகலில் மோட்டார் ஓடாது என்று இப்போதுதான் அவளே சொல்லியிருந்தாள். மாதேஸ்வரன் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டால் அப்பா செத்துவிடுவார். கேட்காத வரைக்கும் தோட்டத்தில் எங்கேயோ மோட்டார் போட்டுக்கொண்டிருப்பார். "பனி வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். மனசு விட்டுப்போயிற்று. ஒரே பிள்ளை அவன். கொள்ளி யார் வைத்தார்கள் என்கிற கேள்வி மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு, சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் ஆரோக்கியராஜிடம் போய் நின்றான். அவனும் தருமபுரி மாவட்டத்துக்காரன்தான். முகாமில் எல்லோருக்கும் முடிவெட்டுகிறவன்.

"மொட்ட போடுடா."

"இந்தக் குளுருலயா? எதுக்கு?"

"தீர்த்தமலைக்கு வேண்டுதல்."

"தீர்த்தமலை இங்கயாடா இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே அவன் ஸ்டவ்வில் பனிக்கட்டியை உருக்கினான். தலையை முடித்துவிட்டுக் கத்தியைத் துடைக்கப் போனான்.

"மீசையையும் எடுத்துரு."

ஆரோக்கியராஜின் சிரிப்பு நின்றது. அப்பன் உயிரோடு இருக்கிறவன் மீசையில் கை வைக்க மாட்டான். அது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு பண்ணினான்.

மதியம் மாதேஸ்வரன் கம்பளிக் குல்லாவை வாய் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு போனை எடுத்தான். எழிலரசியை எதிர்பார்த்தவனுக்கு அம்மா வந்து நின்றாள். புருவம் மறைய முக்காடு போட்டிருந்தாள்.

"எத்தன நாளாச்சு சாமி. அந்தக் குல்லாயக் கழட்டு, மொகத்தப் பாக்கறேன்."

"குளுருதும்மா."

"மார்கழி மாதிரிதான்னு சொன்னியே?"

அவனுக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. கழற்றினான்.

பெரியம்மாள் மொட்டையைப் பார்த்தாள். மீசை இல்லாத உதட்டைப் பார்த்தாள். முக்காட்டைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. வெறும் நெற்றி. பின்னால் எழிலரசி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

"கொள்ளி யாரும்மா வெச்சாங்க?"

"உங்க பெரியப்பன் மவன்தான் சாமி. உன்னோட பச்ச பனியன உங்கப்பன் தோட்டத்துக்குப் போட்டுக்கிட்டுப் போவாரில்ல, அதத் தோள்ல போட்டுக்கிட்டு வெச்சான். வெக்கறது உங்க மவன்தான்னு அவரு காதுல சொல்லித்தான் அனுப்பிவெச்சோம்."

மாதேஸ்வரன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழி திறக்கச் சித்திரை பிறக்க வேண்டும்.

"கேக்குதா சாமி?" என்றாள் அம்மா. லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். திரையில் காது மட்டும் தெரிந்தது.

அதையே பார்த்துக்கொண்டு, "நல்லாக் கேக்குதும்மா" என்றான்.