காற்றாடப் போன கோட்டு

என் அத்தானுக்கு நடைப்பயிற்சி எழுதிக்கொடுத்த டாக்டரை எங்காவது பார்த்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, தொப்பை குறையாவிட்டால் இதயம் தாங்காது, தினமும் காலையில் நடங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் அனுபவித்தவர்கள் நாங்கள்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா நடத்தும் சலவைக் கடையில் நீராவி இஸ்திரி மேஜை அவருடையது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆவியிலேயே வெந்துகொண்டிருப்பதால், குளிர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. கறை எடுப்பதும், வருகிற துணிகளின் பைகளைத் துழாவுவதும் என் வேலை. மிச்சமெல்லாம் அக்கா. எங்களை அதட்டுவதும் அதில் சேர்த்தி.

அக்காவிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் துணி நம் உடம்பில் ஏறக் கூடாது. முன்பு ஓர் ஆள் வாடிக்கையாளரின் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனான். சட்டைக்குச் சொந்தக்காரர் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே அவன் வேலை போயிற்று. இப்போது எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு கடை வந்து, எங்கள் கூட்டத்தில் பாதியை இழுத்துக்கொண்டுவிட்டது. மிச்சப் பேர் எங்கள் பேச்சை நம்பித்தான் வருகிறார்கள். “இருக்கிற பேரும் கெட்டுச்சுன்னா மிஷினை வித்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்” என்று அக்கா வாரம் தவறாமல் சொல்லுவாள்.

கடையின் பின்பக்கம் ஒரு நீளக் கம்பியில், கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் தொங்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அனாதை வரிசை. அக்கா அதை விற்கவும் மாட்டாள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். வந்து கேட்டால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம் அத்தான் ஏரிக்கரைக்கு நடக்கப் போனது தூக்குமேடைக்குப் போகிற முகத்தோடு. அடுத்த வாரம், மரங்கொத்தி ஒன்றை நின்று பார்த்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் வாயைத் திறந்தால் காளான், நீர்க்கோழி, சிலந்தி வலையில் பனித்துளி. இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் வைத்துவிட்டு, நாரை எப்படி நிற்கும் என்று ஒற்றைக் காலில் நின்று காட்டினார். சட்டை போயிற்று.

அப்புறம் முன்பனிக் காலம் வந்தது. எங்கள் ஊர் வானத்துக்கு அந்த மாதத்தில் புத்தி நிலையாக இருக்காது. வீட்டை விட்டு இறங்கும்போது வெயில், ஏரிக்குப் போனால் தூறல், காட்டுப் பாதையில் மூடுபனி, திரும்பி வாசலில் கால் வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி வெயில். குடை வேண்டாமாம், மரத்து உச்சியை மறைக்கிறதாம். நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? தொப்பை குறைந்த பிறகுதான் வாங்குவாராம். தினமும் தொப்பலாக நனைந்து வந்து, இஸ்திரி போட்ட சட்டைகளின் மேலேயே தும்மினார்.

அக்கா தீர்ப்புச் சொன்னாள். “இன்னொரு நாள் நனைஞ்சு வந்தீங்க, ஏரி கட். மிஷினுக்கும் கவுண்டருக்கும் நடுவுல நடங்க. சர்க்கரை அதுலயும் குறையும்.”

அத்தான் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதருக்கென்று கிடைத்த ஒரே சந்தோஷம் அந்த நடை.

ஆனால் அடுத்த வாரம் முழுக்க மழை. அத்தான் மட்டும் நனையாமல் வந்தார். இது எப்படி என்று மண்டையைக் குடைந்தது. அனாதை வரிசையைத் தூசி தட்டும்போது விடை கிடைத்தது. நீளமான சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டின் பையில் ஓர் ஈர இலையும் ஒரு நீலச் சிறகும். நான் துழாவிச் சுத்தம் செய்த பை அது.

மறுநாள் காலை கடையின் பின்வாசலில் நின்று கையும் களவுமாகப் பிடித்தேன். கோட்டுக்குள் கைகள் போயிருந்தன, தொப்பை வெளியே நின்றது.

“அக்காவைக் கூப்பிடட்டுமா?”

“ஏய் வாயாடி, உசிரை வாங்காதே. ஒரு வருஷமா சும்மா தொங்குது. நீயும் ஒரு நாள் வந்து பாரு. அப்புறம் சொல்லிக்கோ.”

அவர் எங்கே எந்தப் புதரில் கோட்டைக் கிழித்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் போனேன். போன இடத்தில் வாய் அடைத்துப்போனது உண்மை. ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. வெயில் ஒரு பக்கம், தூறல் ஒரு பக்கம், நடுவில் ஒரு நாரை எதையும் கண்டுகொள்ளாமல் நின்றது. காட்டுப் பாதையில் பழுத்த இலைகள் விழும் சத்தம்கூடக் கேட்டது. அத்தான் என்னை ஜெயித்த முகத்தோடு முன்னால் நடந்தார். அப்போதுதான் கவனித்தேன். பின் கழுத்தில் எங்கள் கடைச் சீட்டு, பெயரும் எண்ணுமாக ஆடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கச் சீட்டோடு துணியைப் பார்க்கிற ஆளுக்கு அது எங்கே கண்ணில் படும். இத்தனை நாளும் அதோடுதான் ஏரியைச் சுற்றியிருக்கிறார்.

அதைப் பிய்க்கலாம் என்று கை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன். நான் வர வேணாமா?”

மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தது கடைவீதியில் வளையல் கடை வைத்திருக்கும் அம்மா. அத்தான் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

போன குளிர் காலத்தில் தன் கணவரின் இந்தக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்தவர் அவர்தான். அதே வாரம் கணவர் இறந்துபோனார். அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. தெருவின் எதிர்ச் சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போவார். கண்ணாடிக் கதவுக்காரனிடம் போய்விட்டார் என்று அக்கா வருஷம் முழுக்கத் திட்டினாள்.

“அம்மா, தப்புதான்” என்றார் அத்தான். “என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. கடையைச் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரியாது.” கோட்டைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க” என்றார் அந்த அம்மா.

ஒரு மரத்தில் கை வைத்து நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “வாங்கிட்டுப் போனா பீரோவுல தொங்கும். உங்க கடையில இருந்தா, அவரு இன்னும் போய் வாங்கிட்டு வரலை, அவ்வளவுதான்னு இருக்கும். அதான் வரலை. நாங்க ரெண்டு பேரும் இந்தப் பாதையிலதான் நடப்போம். எப்பவும் எனக்கு முன்னாடியே போயிடுவாரு. எத்தனை தடவை கத்தியிருக்கேன்.”

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. பொடிப் பொடியாகத் தலையில் கொட்டியது.

“அந்த வளைவு வரைக்கும் முன்னாடி நடங்க” என்றார். “திரும்பிப் பாக்காதீங்க.”

அத்தான் நடந்தார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் அழுதேன். ஆலங்கட்டி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் அந்த அம்மா வந்து நின்றார். அத்தான் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் ஆவியோடு ஆவியாகிவிட்டார். கோட்டைக் கேட்டதும் அக்கா பெருமையாகக் கொண்டுவந்து விரித்தாள். பழக்க தோஷம், பைக்குள் கை விட்டாள். ஒரு பழுத்த இலை வந்தது. அக்கா இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் இஸ்திரி மேஜைப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கோட்டு இங்கயே இருக்கட்டும்” என்றார் அந்த அம்மா அவசரமாக. “ஆனா கம்பளி பாருங்க, தொங்கிக்கிட்டே இருந்தா பூச்சி அரிச்சிடும். தினம் காலையில ஏரிப் பக்கம் காத்தாட விட்டா நல்லது. யாராவது போட்டுக்கிட்டுப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.”

அக்காவுடைய ஒரே சட்டம் கவுண்டரில் இலையாகக் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பின் கழுத்துச் சீட்டை வெட்டினாள்.

“போறவங்க இதை எடுத்துட்டுப் போகணும்னு தெரிய வேணாமா?” என்று மேஜையைப் பார்த்துச் சொன்னாள். “கடை மானமே முதுகுல தொங்குது.”

அன்றிலிருந்து கோட்டு தினமும் காற்றாடப் போகிறது. அந்த அம்மா சில நாள் வருவார், சில நாள் வர மாட்டார். வருகிறாரா என்று அத்தான் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் அவருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். டாக்டர் சொல்லிக் கேட்காத ஆள் இவர். கோட்டின் பட்டனை எட்டவைக்கத் தினமும் வயிற்றை எக்கிப் போராடுகிறார். முதல் பட்டனை நேற்று போட்டுவிட்டார், முகம் சிவக்கச் சிவக்க.

“பின்னாடி வர்றவங்களுக்கு முன்னாடி இருக்கிற பட்டன் எங்க தெரியப்போகுது, அத்தான்?” என்று கேட்டேன்.

“பட்டன் போடலைன்னா கோட்டு ஆடும்” என்றார். “அந்தம்மா சொன்னாங்க, அவரு நடந்தா ஆடாதாம்.”