முழங்கால் பலம்

அம்மாவுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. கோழியை விரட்டும்போதுகூட "போயேன், போயேன்" என்று கெஞ்சுவார். அப்படிப்பட்டவர் விடியுமுன் ஒரு கோணிச் சாக்கின்மேல் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டுப் போய், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர்ப் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடேறிவிடுவார். பலம் முழங்கால் வழியாகத்தான் உள்ளே போகிறது என்று ஒன்பது வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் செர்டாங் பக்கம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை கங்காணி லயத்து வாசலில் வந்து நின்றார்.

"புள்ள வளந்துருச்சு. திங்கக்கெழமையிலேருந்து புல்லு வெட்டுற கூட்டத்துல பேரு போட்டாச்சு."

அதாவது, பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். கங்காணி போன பிறகு, "பெரட்டுல தொரகிட்ட கேக்குறேன்" என்றார். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால்! அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா வழக்கம்போல முழங்காலிட்டார். நான் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆண்டவரே, என்னால ஆகாது. என்னை உம்ம கையில குடுத்துட்டேன். நீரே நடத்தும்."

அவ்வளவுதான். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு விவரமும் இல்லை. யார், என்ன, எப்போது, எதுவும் சொல்லவில்லை. அதிலும் முதல் வரியே 'ஆகாது'. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. பட்டியல் போடும் பழக்கம் அன்றே என்னிடம் இருந்தது. இன்று ரப்பர்ப் பால் பரிசோதனைக் கூடத்தில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயர் கூப்பிட ஆரம்பித்ததும், அடுக்கியிருந்த பால் வாளிகளுக்குப் பின்னால் போய் முழங்காலிட்டேன்.

ஒன்று, என் பெயரை எடுத்துவிட வேண்டும். இரண்டு, கங்காணிக்குக் காய்ச்சல் வர வேண்டும். பெரிதாக வேண்டாம், ஒரு நாள் போதும். மூன்று, அம்மாவுக்குக் குரல் வர வேண்டும்.

பலம் நிறைய ஏறட்டும் என்று பட்டியலைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வரிசையின் கடைசியில் என் பெயரைக் கங்காணி கூப்பிட்டார். எழுந்தேன். மரத்துப்போயிருந்தது; முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால்களே இல்லை. வாளிகளின் மேலேயே விழுந்தேன். தோட்டமே அதிரும்படி அவை உருண்டன.

ஆட்கள் சிரித்தார்கள். கங்காணிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நிக்கவே தெரியல, இதுக்குப் பள்ளிக்கூடம் வேறயா?"

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினார். என் தோளைப் பிடித்தபடியே கங்காணி பக்கம் திரும்பினார். அவர் குரல் களத்தின் மறுமுனைவரை கேட்டது.

"நிக்க முடியாத புள்ளைய எதுக்குங்கய்யா புல்லு வெட்டப் போடுறீங்க? பள்ளிக்கூடத்துல உக்காந்துதானே படிக்கப் போவுது?"

துரையும், பெயர்ப் பதிவேடு எழுதும் கிராணியும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே தெரியும். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு கிராணியின் பக்கம் திரும்பி, "பேரை அடி. புள்ள படிக்கட்டும்" என்றார். கிராணியின் பேனா என் பெயரின்மேல் ஓடியதை நான் ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். கங்காணிக்குக் காய்ச்சல் வரவில்லை. இரண்டாவதைக் கடவுள் விட்டுவிட்டார்போல. மூன்றில் இரண்டு, மோசமில்லை.

மறுநாள் விடியலில் கண் விழித்தபோது அம்மா மறுபடியும் அதே சாக்கில் இருந்தார். "ஆண்டவரே, என்னால ஆகாது..."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதான் ஆயிடுச்சேம்மா! நேத்து எல்லார் முன்னாடியும் நீதானே பேசுனே?"

அம்மா முழங்காலில் இருந்தபடியே திரும்பிச் சிரித்தார்.

"நானா? எனக்கு ஏதுடி அவ்வளவு தைரியம்?"

என் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. களம் முழுக்கச் சாட்சி இருந்தது. நேற்று நடந்தது இன்று நினைவில்லையென்றால் என்ன செய்வது? அவர் பக்கத்தில் நானும் முழங்காலிட்டு, பட்டியலில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: அம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி தர வேண்டும்.